டேஷா வீட்டு மாடி ஜன்னல்

கடலோரத் துப்ரோவ்னிக் நகரத்தின் பழைய மதிலுக்குள், வடக்கே படிப்படியாக ஏறிப் போகும் எங்கள் சந்தில் டேஷாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் கிடையாது. வாய் என்றால் அப்படி ஒரு வாய். அந்த வாயை வைத்துத்தான் அவள் குடும்பம் சாப்பிட்டது என்பதால் யாரும் அதைக் குறை சொல்லவும் முடியவில்லை.

அந்தக் காலத்தில் கப்பல் வந்து நின்றதும் துறைமுகத்தில் பெண்கள் கூட்டமாக நிற்பார்கள். கழுத்தில் அட்டை, அட்டையில் 'அறை உண்டு' என்று நாலு பாஷையில் எழுதியிருக்கும். மற்ற பெண்கள் தங்கள் வீட்டு அருமை பெருமையைச் சொல்லித் தொண்டை வறளக் கத்துவார்கள். டேஷா தன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். அடுத்தவன் வீட்டைப் பற்றித்தான் பேசுவாள்.

"அந்தப் பெரிய ஹோட்டலா? தாராளமாப் போங்க. நல்ல ஹோட்டல்தான். ஊருக்கு வெளிய இருக்கா, அதனால ஊரைத் தவிர மத்ததெல்லாம் தெரியும்."

"மதிலுக்குப் பக்கத்துல இருக்கே, அதா? காலைச் சாப்பாட்டுக்குத் தட்டை ஏந்திட்டு வரிசையில நிக்கணும். நீங்க பட்டாளத்துல இருந்திருக்கீங்களா? அப்ப சரி, பழகியிருக்கும்."

"லூட்ஸே வீடா? தங்கமான பொம்பளை. குத்தம் சொல்ல முடியாது. அந்த மெத்தை மட்டும் அவ மாமியாரோடது. பாவம், அதுலதான் போய்ச் சேர்ந்தாங்க."

லூட்ஸேயின் மாமியார் ஆஸ்பத்திரியில் இறந்தவர். அதுவும் வேறு ஊர் ஆஸ்பத்திரி. ஆனால் பெட்டியும் கையுமாக வெயிலில் நிற்கிற ஜெர்மன்காரனுக்கு அது எப்படித் தெரியும்? அவன் பேசாமல் டேஷா பின்னால் நடந்துவிடுவான்.

லூட்ஸேயின் வீடு டேஷாவுக்கு நேர் எதிர் வீடு. இரண்டு மாடி ஜன்னல்களுக்கும் நடுவில் துணி காயப்போடும் கயிறு ஓடும். இவள் இழுத்தால் அவள் துணி நகரும். இரண்டு வீட்டு மாடியிலிருந்தும் அதே கூரைகள், அதே கடல், அதே லோக்ரும் தீவு. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். லூட்ஸே புருஷனை இழந்தவள், அதிர்ந்து பேச மாட்டாள். காலைச் சாப்பாடு அவள் வீட்டில்தான் நன்றாக இருக்கும் என்பது டேஷாவுக்கும் தெரியும். அதனாலேயே அவளைக் கண்டால் டேஷாவுக்கு வயிறு எரியும்.

மே மாதம் பிறந்தால் எங்கள் ஊரில் குடும்பங்கள் கீழே இறங்கிவிடும். கட்டில், மெத்தை, ஜன்னல், காற்று எல்லாம் விருந்தாளிக்கு. வீட்டுக்காரர்கள் நிலவறைக்கு, எண்ணெய்ச் சாடிகளுக்கும் ஒயின் பீப்பாய்க்கும் நடுவில். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லாரும் செய்வதுதான். இலையுதிர் காலத்து மழையோடு கடைசி விருந்தாளி கிளம்பியதும் பெண்கள் விரிப்புகளைக் கொதிக்கவைத்துத் துவைத்துவிட்டு மேலே ஏறுவார்கள். அன்றைக்கு வீட்டில் நல்ல சாப்பாடு இருக்கும். டேஷா கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு கோடைகாலத்தில்கூடத் தன் கட்டிலில் தான் படுத்ததில்லை. அதற்காக ஒரு நாளும் அலுத்துக்கொண்டதும் இல்லை.

அவள் புருஷன் பால்டோ கப்பலில் எஞ்சின் அறை ஆள். உலகம் முழுக்கச் சுற்றினான். ஆனால் சுற்றியதெல்லாம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, எண்ணெய்ப் புகையில், ஜன்னலே இல்லாத இடத்தில். ரியோ எப்படி இருக்கும் என்று கேட்டால், "சூடா இருக்கும்" என்பான். யோகஹாமா? "அதுவும் சூடுதான்." ஓய்வு பெற்று வந்தபோது நுரையீரல் பாதி போயிருந்தது. முதல் குளிர்காலம் முழுக்க மாடி அறையில், ஜன்னல் பக்கம் கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்தபடி கிடந்தான். "இதைப் பாத்துக்கிட்டே கண்ணை மூடணும்டி, வேற ஒண்ணும் வேண்டாம்" என்று டேஷாவிடம் ஒரு தடவை கேட்டுக்கொண்டான். மே மாதம் வந்தது. எழுந்து, தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினான்.

அந்தக் கோடையில் இருமல் பிடித்தது. விடவே இல்லை. டாக்டர் டேஷாவைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த ஈரத்துல இனிமே இவர் படுக்கக் கூடாது. ஜன்னல் இருக்கிற காஞ்ச ரூம் வேணும். இல்லேன்னா ரொம்ப நாள் தாங்காது" என்று சொல்லிவிட்டார்.

டேஷா ஒன்றும் கல் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வந்ததும் தலைநகர் ஸாக்ரெப்பில் இருக்கும் மகன் விலாஹோவுக்குப் போன் போட்டாள். துறைமுகத்தில் அட்டை பிடித்து நிற்கும் காலம் போய்விட்டது. இப்போது வீட்டு அறைகளை விற்பது அவன்தான், அங்கே உட்கார்ந்தபடி, போனில்.

"உன் அப்பாவுக்கு மேல் ரூம் வேணும்டா. டாக்டர் சொல்லிட்டாரு."

"அம்மா, அந்த ரூமை வெச்சுத்தானே நம்ம வீட்டையே ஆளுங்க தேடி வர்றாங்க."

"அப்ப உன் அப்பன் கீழயே கிடந்து சாகட்டுங்கிறியா?"

விலாஹோ ஒரு வழி சொன்னான்: "சரி. ஒண்ணு செய்யலாம். ஹில்டேன்னு ஒரு அம்மா பெல்ஜியத்துலேருந்து வர்றாங்க. எந்த ஊர்ல எங்க தங்கலாம்னு ஹோட்டலுக்கு ஹோட்டல் தங்கிப் பாத்து, ஒப்பிட்டு எழுதுறவங்க. பாதி ஐரோப்பா அவங்க சொல்ற இடத்துலதான் தூங்குது. பழைய நகரத்துல நமக்கு மொத இடம் கொடுத்துட்டாங்கன்னா மத்த ரெண்டு ரூமுக்கும் வாடகையை ஏத்திடலாம். மேல் ரூமைப் பூட்டி அப்பாகிட்ட கொடுத்துடலாம். சத்தியமா."

டேஷா கீழே போய்ப் பால்டோவிடம் சொன்னாள். அவன் நம்பினானோ இல்லையோ, அன்றிலிருந்து தினமும் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தான்.

ஹில்டே வந்தாள். உயரமான, அமைதியான பெண். ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய ஹோட்டல்களில் தங்கிவிட்டு, முதலில் லூட்ஸே வீடு, அடுத்து டேஷா வீடு என்று வந்தாள். மெத்தையை அழுத்திப் பார்த்தாள், குழாயைத் திறந்து தண்ணீர் சுடுகிறதா என்று விரலை வைத்துப் பார்த்தாள், ஜன்னலைத் திறந்து மூடினாள். டேஷா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தபடி நின்றாள். பால்டோவுக்குக் காலையிலேயே உத்தரவு போட்டாயிற்று: இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டும்.

தலையணைக்கு அடங்குகிற இருமலா அது? படிக்கட்டின் வழியாக ஏறி மேலே வந்தது.

ஹில்டே தலையைத் திருப்பினாள். "யாரோ இருமுறாங்களே?"

"எதிர் வீடு," என்றாள் டேஷா, கண்ணை இமைக்காமல். "லூட்ஸே வீட்டுல. நீங்க அங்க தங்குனப்போ கேக்கலையா? ஐயோ, இருமுற ஆளை அவ கீழ எங்கயாவது கொண்டுபோய் வெச்சிருப்பா."

ஹில்டே மறுபடி ஜன்னல் பக்கம் போனாள். எதிர் ஜன்னலையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, ரொம்ப மரியாதையாக, டேஷாவின் நெஞ்சில் உதைப்பது போல ஒரு கேள்வி கேட்டாள்.

"ரெண்டு வீடும் ஒரே மாதிரி இருக்கு. அதே கடல்தான். சாப்பாடு அங்க இன்னும் நல்லாருந்தது. ஒருத்தர் எதுக்காக உங்க வீட்டைத் தேர்ந்தெடுக்கணும்? ஒரு காரணம் சொல்லுங்க."

ஆயுளில் முதல் தடவையாக டேஷாவுக்கு அடுத்தவள் வீட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. வேறு வழியில்லாமல் தன் வீட்டைப் பற்றிப் பேச வாயைத் திறந்தாள். வாயில் வந்தது உண்மை.

"என் வீட்டுக்காரர் கப்பல்ல எஞ்சின் ரூம்ல இருந்தாரும்மா. ஆயுசு முழுக்க ஜன்னலே இல்லாத எடம். ஒலகமே சுத்துனாரு, ஒண்ணையும் பாக்கல. கரைக்கு வந்து என்கிட்ட அவர் கேட்டது இந்த ஒரு ஜன்னலைத்தான். நகையில்ல, நட்டில்ல. இங்க படுத்துக் கடலைப் பாத்துக்கிட்டே கண்ணை மூடணும்னு கேட்டாரு."

ஹில்டேயின் கண்கள் கலங்கிவிட்டன. கட்டிலின் விளிம்பை மெல்லத் தொட்டாள். "இந்தக் கட்டில்லயா?"

"இதேதான்."

"அப்ப, அவர்..."

இங்கே டேஷா ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். 'கீழ இருக்காரு, கூப்பிடட்டுமா?' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. மெல்லக் கண்ணை மூடி, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஹில்டே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கட்டுரை வெளிவந்தது. மதிலுக்கு உள்ளேயும் வெளியேயும் சேர்த்து முதல் இடம் டேஷா வீடு. அந்தப் பெரிய ஹோட்டல்கள் எல்லாம் அவளுக்குக் கீழே. 'ஒரு மாலுமி கடலைப் பார்த்தபடி கடைசி மூச்சை விட்ட அறை' என்று ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்தாள் ஹில்டே. இரண்டாவது லூட்ஸே வீடு: அருமையான சாப்பாடு, ஆனால் நோயாளி ஒருவரின் இருமல் தொந்தரவு இருப்பதாகக் கேள்வி.

டேஷா துறைமுகத்துப் பழைய கூட்டாளிகளுக்கெல்லாம் அதைக் காட்டினாள். மீன் சந்தையில் காட்டினாள். அன்றைக்கு அவள் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். லூட்ஸே மெத்தையில் மாமியார் செத்ததாகச் சொன்னால் ஆள் வர மாட்டான், டேஷா மெத்தையில் மாலுமி செத்ததாகச் சொன்னால் ஊரே வரும். இந்த வித்தை வேறு யாருக்கு வரும்?

மறுநாள் விலாஹோவிடமிருந்து போன் வந்தது. "அம்மா, ஈஸ்டர் வரைக்கும் மேல் ரூம் போயிடுச்சு."

"போயிடுச்சுன்னா?"

"புக் ஆயிடுச்சு. குளிர்காலத்துக்கும் சேத்து. கிறிஸ்துமஸுக்கு அடிதடியே நடக்குது."

"டேய், அது அப்பாவுக்குன்னு சொன்னியே. சத்தியம் பண்ணினியே."

"நான் என்னம்மா பண்ணட்டும்? மத்த ரெண்டு ரூமையும் இதோட சேத்துத்தான் எடுக்கறான். அந்த ரூம் இல்லேன்னா வேண்டாம்கிறான். அப்பா செத்த ரூம்னுதானே தேடி வர்றாங்க. அதுல கொண்டுபோய் அப்பாவைப் படுக்க வெச்சா என்ன அர்த்தம்?"

"உன் அப்பன் உசிரோட இருக்கான்டா!"

"எனக்குத் தெரியும்மா. அவங்களுக்குத் தெரிய வேண்டாம். கொஞ்சம் பாத்து நடந்துக்கோ."

சாவி டேஷாவின் ஏப்ரன் பையில்தான் இருந்தது. மேலே போய்ப் பூட்டியிருக்கலாம். ஸாக்ரெப்பிலிருந்து ஓடிவந்தா மகன் திறக்கப்போகிறான்? பூட்டவில்லை. பூட்டினால் அடுத்த வருஷம் லூட்ஸே முதல் இடத்துக்கு வந்துவிடுவாள். அந்த நினைப்பை அவளால் விழுங்க முடியவில்லை. இதை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. பிற்பாடு அவளே லூட்ஸேயின் சமையலறையில் உட்கார்ந்து அழுதுகொண்டு சொன்னது.

சேதியைப் பால்டோவிடம் சொன்னபோது அவன் கன்னத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தான். கேட்டுவிட்டு, மீதிக் கன்னத்தையும் நிதானமாகச் சவரம் செய்து முடித்தான்.

"அப்ப நான் எப்ப செத்தேனாம்?"

"போன வருஷம்னு எழுதியிருக்கா."

"சர்ச்சுல எனக்குப் பூசை வெச்சியா?"

"வாயை மூடு மனுஷா."

"இல்லடி, தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறேன். செத்தவனுக்கு ஒரு பூசைகூட வெக்கலைன்னு ஊர்ல பேசுவாங்கள்ல." சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் போக, டேஷா கைக்குக் கிடைத்த துணியை எடுத்து அவன் வாயில் அழுத்தினாள். அப்போது மேலே விருந்தாளிகள் இருந்தார்கள்.

இலையுதிர் மழை பெய்தது. சந்தில் மற்ற குடும்பங்கள் விரிப்புகளைத் துவைத்துக்கொண்டு மாடி ஏறின. டேஷா வீட்டில் யாரும் ஏறவில்லை. பிறகு தெற்குக் காற்று கிளம்பியது. அந்தக் காற்று அடிக்கும்போது எங்கள் ஊரில் கல்கூட வியர்க்கும். நிலவறைச் சுவரில் தண்ணீர் கோடு கோடாக இறங்கிப் பால்டோவின் போர்வையை நனைத்தது. டேஷா அதை அடுப்பருகே காயவைத்துக் கொண்டுவருவாள், அது மறுபடி நனையும். சந்துப் பக்கம் இருந்த கம்பித் திறப்பின் வழியாக வெளியே நடக்கிற பேச்செல்லாம் அவனுக்குக் கேட்கும். விருந்தாளிகள் டேஷாவின் கையைப் பிடித்து, "உங்க கணவரோட கதையைப் படிச்சு அழுதுட்டோம்" என்பார்கள். "அவர் ரொம்ப நல்ல மனுஷன்" என்று டேஷா சொல்வதும் கேட்கும். உயிரோடிருந்த காலத்தில் அவள் அவனை அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு ஜோடி மாடி ஜன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டுப் போனது.

ஒரு நாள் நடுப்பகலில், விருந்தாளிகள் மதில் சுற்றிப் பார்க்கப் போயிருந்தபோது, லூட்ஸே தட்டாமல் கொள்ளாமல் நிலவறைக்குள் வந்தாள். வாசலில் நின்று பார்த்தாள். பால்டோவின் உதடு நீலமாகிக் கிடந்தது.

"என் மேல் ரூம் காலியா இருக்கு டேஷா."

"அதுக்கு?"

"இருமல் சத்தம்னு எழுதினதுக்கப்புறம் ஒருத்தரும் வர்றதில்ல. காஞ்ச ரூம். அடுப்பு போட்டிருக்கேன். இவரை அங்க கொண்டுபோயிடலாம்."

"எனக்கு யார் தயவும் வேண்டாம்."

"தயவு இல்லடி. என் வீட்டுல ஒரு ஆள் இருமுறாருன்னு ஊர் ஒலகத்துக்கெல்லாம் சொல்லிட்டியே. அவரை என்கிட்ட கொடுத்துடு. எழுதினது நெஜமாவாவது இருக்கட்டும்."

டேஷா பதிலுக்கு எதையோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பால்டோ தலையணையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி எழுந்து நின்றுவிட்டான்.

நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். சந்தின் குறுக்கே போகும் அந்தச் சில அடிகளில்கூட டேஷா அவன் தலையில் சால்வையைப் போட்டு மூடினாள். விருந்தாளி யாராவது திரும்பி வந்துவிட்டால்? "செத்தவன்டி நான், என்னை எவனுக்கு அடையாளம் தெரியும்?" என்றான் சால்வைக்குள்ளிருந்து. லூட்ஸே வீட்டு மாடிப்படி ஒவ்வொன்றிலும் நின்று, மூச்சு வாங்கி, ஏற்றினார்கள்.

லூட்ஸே அவனிடம் காசு பேசவில்லை. புகையிட்ட இறைச்சி போட்டு முட்டைக்கோஸ் சூப் வைத்துக் கொடுத்தாள், கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாள். இருமல் வந்தால், "நல்லா இருமுங்க, அடக்காதீங்க" என்பாள். பால்டோவின் உதட்டில் கொஞ்சம் சிவப்பு திரும்பியது. பிழைத்துவிடுவான் என்று யாரும் நினைக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வெளியே வந்து தலையை மட்டும் ஆட்டினார். நிலவறையில் பட்டது பட்டதுதான்.

டேஷா தினமும் விருந்தாளிகளுக்குக் காலைச் சாப்பாடு கொடுத்துவிட்டு எதிர் வீட்டு மாடிக்கு ஏறுவாள். எதிரே தன் வீட்டு ஜன்னல் தெரியும். அதில் தினம் ஒரு புது முகம் கடலைப் பார்த்து நிற்கும். சில பேர் இந்த ஜன்னலோரம் படுத்திருக்கும் கிழவனைப் பார்த்துக் கையாட்டுவார்கள். பால்டோவும் பதிலுக்குக் கையாட்டுவான்.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால், வெயில் நன்றாக அடித்த ஒரு காலையில், டேஷா அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கை தன்னையறியாமல் மெத்தையைத் தடவிக்கொண்டிருந்தது; ஓரத் தையலை நெருடிப் பார்த்தது, விரிப்பின் முனையை விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தது. புருஷன் சாகக் கிடக்கிறான். இருந்தாலும் கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

"ஏன் பால்டோ, என்ன இருந்தாலும் நம்ம வீட்டு மெத்தை மாதிரி வராதுல்ல?"

பால்டோ கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நெஜமாக் கேக்கறியா?"

"சும்மா சொல்லேன்."

"லூட்ஸே வீடுதான் ஒசத்தி."

டேஷாவின் முகம் சுருங்கியது. "எதுல ஒசத்தி? அதே ஜன்னல். அதே கடல். அதே தீவு."

"இங்க நான் உசிரோட இருக்கேன்," என்றான் பால்டோ.

சூப்புக் கிண்ணத்தோடு வாசலில் நின்ற லூட்ஸே தரையைப் பார்த்தாள். கீழே சந்தில், படிகளில் பெட்டிகளை இடித்துக்கொண்டு யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. "அந்த மாலுமி வீடு இதுதானா?" என்று ஒரு பெண் குரல் விசாரித்தது. டேஷா எழுந்து, ஏப்ரனைச் சரிசெய்துகொண்டு, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.